வீட்டின் சான்றிட்ட நகல்

செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் தெரு, கவுன்சிலர் பரசுராமனின் தனிப்பட்ட தகவல்; யாருக்கும் காட்டக் கூடாதாம். அவர் அங்கே நாலு மாடி கட்டுகிறார். முதலில் தெருப் பலகைக்குக் கறுப்பு மை பூசினார்கள். மாலைக்குள் தெருவுக்கே பூசிவிட்டார்கள். நான் தயிர் வாங்கப் போயிருந்தேன்; திரும்பி வந்தால் தெரு இல்லை. என் மனைவி அமிர்தகௌரி வீட்டில் இருந்தாள்.

எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

நகராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். 'என் வீடு எங்கே?' அன்று வராந்தா நீளமாக இருந்தது. தகவல் அலுவலர் செண்பகத்தின் மேஜையை அடைவதற்குள் எனக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

"இது கேள்வியா இருக்கே சார். சட்டத்துல கேள்வி கேக்க முடியாது. நகல்தான் கேக்கலாம்."

"எனக்கு வீட்டுக்குப் போனாப் போதும் மேடம்."

"அதான் சொல்றேன். நகல்னு எழுதுங்க."

'என் வீட்டின் சான்றிட்ட நகல் ஒன்று வழங்கவும்' என்று எழுதி ஸ்டாம்ப் ஒட்டினேன். குறை சொல்லக் கூடாது, முப்பதாவது நாள் கொடுத்துவிட்டார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நல்ல நகல். கவுன்சிலர் வீட்டைப் பார்த்த ஜன்னல் மட்டும் கறுப்பாக இருந்தது. கதவைத் தட்டினேன். அமிர்தகௌரி திறந்தாள். நெற்றியில் பொட்டுக்குப் பதில் நகராட்சி முத்திரை. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது, அத்தனை சந்தோஷம்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு சீல் இல்லையே."

"நான் அசல், கௌரி."

"அசலை வெளிய விடமாட்டாங்களே. என் வீட்டுக்காரரு வீட்டோடயே வந்துட்டாரு. முகம் கழுவிட்டிருக்காரு."

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார். அது என் செருமல். கோபம் வரவில்லை.

"அப்ப அசலெல்லாம் எங்க?"

"ஃபைல்லதான்," என்று மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

திரும்பப் போனேன். வராந்தா இப்போது மூன்றே எட்டு. செண்பகம் கவுன்சிலரின் ஃபைலை எடுத்து நாடாவை அவிழ்த்தார்.

"இதைப் பாக்க அனுமதி இல்ல சார். வேணும்னா நீங்களும் ஃபைல்ல சேர்ந்துக்கலாம்."

சேர்ந்துகொண்டேன். தாள்களுக்கு நடுவே என் வீடு இருந்தது. அமிர்தகௌரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு.

"இத்தனை நாளா எங்க போனீங்க?" என்று நகர்ந்து இடம் விட்டாள். "இன்னும் மூணு வருஷம்தான். அவரு பதவி முடிஞ்சா தொறந்துருவாங்களாம்."

"மறுபடியும் நின்னா?"

அதற்குள் செண்பகம் நாடாவைக் கட்டிவிட்டார்.