மந்திரியம்மாவுக்கு விழுந்த அடி

எங்கள் முகாமில் சாப்பாட்டுக்கு மணி கிடையாது. நான் கத்துவேன், வந்து உட்கார வேண்டும். ஐந்து நாள் காடு பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் முதல் நாள் என் சத்தத்தில் துள்ளி எழுந்து, ஏதோ மிருகம் யாரையோ பிடித்துவிட்டது என்று வழிகாட்டி ரொசெந்தோவிடம் ஓடுவார்கள். "அது ஒண்ணுமில்லீங்க, எர்லிந்தாக்கா. சோறு ரெடின்னு சொல்றாங்க" என்பான் அவன். சமையல்காரிக்கு வாய் ஜாஸ்தி என்று லாஸ் பியெத்ராஸ் ஆறு முழுக்க என் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. கெட்டுப்போகட்டும். நான் பானையைத் தட்டிக் கூப்பிடாததற்குக் காரணம் மந்திரியம்மா.

மந்திரியம்மா ஒரு தாப்பிர். பன்றி உடம்பு, தும்பிக்கை ஆகலாம் என்று புறப்பட்டுப் பாதி வழியில் சோம்பல்பட்டு நின்றுவிட்ட மூக்கு. ஐந்து வருடத்துக்கு முன் அதன் தாயை வேட்டைக்காரர்கள் சுட்டுத் தின்றுவிட்டார்கள். ரொசெந்தோதான் குட்டியைக் கோணிப்பையில் போட்டு என் அடுப்படியில் கொண்டுவந்து விட்டான். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். தின்பது, தூங்குவது, ஆற்றில் இறங்கி நின்று அசிங்கம் பண்ணுவது, இவை தவிர ஒரு வேலையும் செய்யாததால் அந்தப் பதவியைக் கொடுத்தோம்.

அந்தக் காலத்தில் சாப்பாடு தயாரானதும் அலுமினியப் பானையில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவேன். விருந்தாளிகள் கை கழுவுவதற்குள் மந்திரியம்மா வந்து நிற்பாள். அவளுக்கு வாழைப்பழ மசியலை அந்தப் பானையிலேயே வைத்தேன். எங்கள் ஆற்றுக்காரர்களுக்கு இந்தப் புத்தி உண்டு. குரங்கோ கிளியோ, தாயில்லாக் குட்டி எது கிடைத்தாலும் அடுப்படியில் சேர்த்துச் சோறு போட்டு வளர்ப்போம். பிறகு அது மனுஷனைப் பார்த்து ஓடுவதில்லை என்று வருத்தப்படுவோம்.

நகரத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் என்னைப் பிடித்துத் திட்டினார். "ஆத்துல மூணு மணி நேரம் கீழ போனா மரம் வெட்டுறவங்க முகாம் இருக்கு. அங்கயும் அடுப்பு உண்டு, பானை உண்டு. பானைச் சத்தத்துக்கு வர்ற மிருகம் கடைசில பானைக்குள்ளதாம்மா போகும்."

அன்றோடு தட்டுவதை நிறுத்தினேன். இரண்டு வருடமாகத் தொண்டைதான் மணி. முதலில் மந்திரியம்மா தினமும் வந்து சமையலறைக்குப் பின்னால் நிற்பாள். நான் கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து வெங்காயத்தின் பேரில் அழுவேன். வாரம் ஒரு முறை என்றானது, பிறகு மாதம் ஒரு முறை. கடைசி ஏழு மாதமாக ஆளையே காணோம். காட்டுக்காரி ஆகிவிட்டாளா, குழம்பாகிவிட்டாளா, யாரிடம் போய்க் கேட்பது?

இந்த நிலையில்தான் பிர்கித் அம்மாள் வந்து சேர்ந்தார். ஹாம்பர்க்கில் முப்பது வருடம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அவருடைய ஸ்பானிஷ், புத்தகத்தைப் பார்த்துப் படித்தது. பேசினால் கல்வெட்டு பேசுகிற மாதிரி இருக்கும். கூடவே வந்தது புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவர்கள் பார்க்க விரும்பிய விலங்கு ஒருவரையொருவர்தான்.

எல்லா முகாமிலும் உள்ள வழக்கம்தான்: சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு வழிகாட்டி மிருகங்களின் பட்டியலை உரக்க வாசிப்பான், பார்த்தவர்கள் தங்கள் தாளில் குறி போட்டுக்கொள்வார்கள். பிர்கித் அம்மாளின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் குறி இருந்தது. ஜாகுவார் சிறுத்தைக்கு இரண்டு. தாப்பிருக்கு மட்டும் கிடையாது. இதற்காக மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாராம்.

முதல் நாள் மழை. இரண்டாம் நாள் முதலையும் மழையும். மூன்றாம் நாள் மிருகங்கள் உப்புக்காக மண் தின்ன வருகிற மேட்டில் ஆறு மணி நேரம் கொசுவுக்கு ரத்த தானம் செய்துவிட்டு, தாப்பிரின் சாணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் ரொசெந்தோ பட்டியலில் அந்த இடத்துக்கு வந்ததும் குரல் இறங்கிப்போனது.

"தாப்பிர்... சாணம் பாத்தோம். அதையும் சேத்துக்கலாம்."

"சாணம் விலங்கு அன்று" என்றார் பிர்கித் அம்மாள்.

நான்காம் நாள் மத்தியானம் ரொசெந்தோ சமையலறைக்கு வந்து, கேட்காமலே வெங்காயம் உரித்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அக்கா, அந்தம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. இனிமே வரமாட்டாங்க. நாளைக்குக் காலைல கிளம்பிடுவாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? முழங்கால் சூப்பா வெக்க முடியும்?"

"ஒரே ஒரு தடவ பானையத் தட்டுக்கா."

"கரண்டியாலயே போட்டுருவேன், ஓடிப்போயிடு."

அவன் போகவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தான். "அந்தம்மா கிடக்கட்டும். ஏழு மாசமாச்சு. அவ இருக்காளா இல்லையான்னு உனக்குத் தெரிய வேண்டாமா?"

படுபாவி, எங்கே குத்தினால் ரத்தம் வரும் என்று தெரிந்தே குத்தினான். பிர்கித் அம்மாளின் முழங்காலுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். எனக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில் சமையலறைக்குப் பின்படியில் விருந்தாளிகளை உட்காரவைத்தான். "இன்னிக்கு இந்தப் பக்கம்தான் வரும்னு மனசு சொல்லுது" என்று காற்றை மோந்து காட்டினான். மோந்தது என் வறுத்த வாழைக்காயை. நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி மரத்தடியில் போய் நின்று தட்டினேன். மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று. ஒன்றும் வரவில்லை. வராதே என்று ஒரு மனசு, வந்துடு என்று ஒரு மனசு. மூன்றாம் முறையும் தட்டினேன்.

புதர் அசைந்தது. வந்தாள்.

எவ்வளவு பெரிசாகிவிட்டாள்! ஒரு காது கிழிந்திருந்தது. யாரையும் சட்டை செய்யாமல் நேராக என்னிடம் வந்து, எப்போதும் பழம் இருக்கும் என் மேலங்கிப் பையில் மூக்கைவிட்டுத் துழாவினாள். இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. பின்னால் பிர்கித் அம்மாள் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் சின்னதாக ஒரு விசில் கேட்டது. அவள் வந்த வழியில் ஒரு குட்டி நின்றது. தர்ப்பூசணிக் கோடு போட்ட, முயலைவிடக் கொஞ்சம் பெரிய குட்டி. இரண்டு அடி வைத்தது, நின்றது. அம்மா நிற்பதைப் பார்த்துத் தைரியம் வந்து, நேராகப் பானைக்கே வந்து கரண்டியை மோந்தது.

மூன்று மணி நேரம் கீழே இருக்கிற மரம் வெட்டுகிறவர்கள் முகாமும், அவர்களுடைய பானையும் கண்ணுக்கு முன் வந்தன. இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினேனே, ஒன்பது தட்டில் எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டு, அடுத்த தலைமுறைக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"போடி! போ, எருமை! பிள்ளையையும் விருந்துக்குக் கூட்டிட்டு வந்துட்டியா? மானங்கெட்டவளே, போ!"

அவள் போகவில்லை. நான் கத்துவது அவளுக்குப் புதிதா என்ன? விளையாட்டு என்று நினைத்து நின்றாள். பானையைத் தூக்கி எறிந்தேன். இடுப்பில் பட்டு உருண்டது. அப்போதும் நின்றாள். விறகுக் கட்டையை எடுத்து மூக்கின் மேல் அடித்தேன். அங்கேதான் அவளுக்கு ரொம்ப வலிக்கும். புட்டிப்பால் கொடுத்தவளுக்குத் தெரியாதா? ஒரு முறை, இரண்டு முறை. குட்டி கிரீச்சிட்டு ஓடியது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் சொல்லப்போவதில்லை. பிறகு புதரை உடைத்துக்கொண்டு ஓடினாள். அவள் போன பிறகும் நான் கத்திக்கொண்டே இருந்தேன், தொண்டை அடைத்துக் காற்று மட்டும் வருகிற வரைக்கும்.

படியில் புதுப்பெண் அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை என் கையிலிருந்த கட்டையைப் பார்த்துப் பெண்டாட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"சமையற்கார அம்மையார் விலங்கைத் தாக்கிவிட்டார்" என்று அறிவித்தார் பிர்கித் அம்மாள்.

அன்று ராத்திரி பட்டியல் வாசிக்கும்போது ரொசெந்தோ ஆசையோடு நிறுத்தினான். "தாப்பிர்! ரெண்டு!"

பிர்கித் அம்மாள் பென்சிலை எடுக்கவே இல்லை. "பானைச் சத்தத்துக்கு வருவது வன விலங்கு அன்று. அதன் பெயர் கோழி."

மறுநாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். வெங்காயமும் எண்ணெயும் தீர்ந்துபோனதால் நானும் படகில் ஏறினேன். யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கும் பேசக் குரல் இல்லை. ரொசெந்தோ மட்டும் "அக்கா, தப்பு என்னோடது" என்று நாலைந்து தடவை சொன்னான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டாவது வளைவில் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினான். மணல் திட்டின் ஓரம், முழங்கால் தண்ணீரில் மந்திரியம்மா நின்றிருந்தாள், கிழிந்த காதோடு. பக்கத்தில் கோடு போட்ட குட்டி. காற்று எங்கள் பக்கமிருந்து அவர்கள் பக்கம் அடித்தது. படகு ஓசையில்லாமல் நெருங்கியது.

அவள் மூக்கைத் தூக்கினாள். பெட்ரோல், கொசு மருந்து, ஜெர்மன் சோப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் என் அடுப்படி வாசனையும் போயிருக்கும். முன்பெல்லாம் அந்த வாசனைக்கு நீந்தியே படகுக்கு வருவாள். வருவாளோ என்று பயந்து பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு விசில் கொடுத்தாள். குட்டியை முன்னால் முட்டித் தள்ளினாள். கரையேறி, மரங்களுக்குள் புகுந்து, ஓடியே போய்விட்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிர்கித் அம்மாள் தாளை முழங்கால் மேல் விரித்து, நிதானமாக ஒரு குறி போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, பல்லைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். எழுந்து வந்து, வலிக்கிற காலை மடக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரொசெந்தோ மோட்டாரைக் கிளப்பாமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தியாக்கா, பெத்தவ மாதிரி வளத்த உன்னப் பாத்து ஒரு மரியாத இல்லாம ஓடுறா."

மேலங்கியால் மூக்கைச் சிந்தினேன். பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, இருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"அப்படித்தாண்டா வளத்திருக்கேன்."