ஆரோக்கியசாலியின் ரத்தம்

பேராசிரியரின் கருவி ரத்தத்தில் மிதக்கும் மூலக்கூறுகளை எடைபோடும். கணையத்தில் புற்றுநோய் வந்தால் ரத்தத்தில் ஒரு புரதத் துணுக்கு கூடும். அதை முளையிலேயே பிடித்துவிட வேண்டும் என்றுதான் மனிதர் தலைமுடியையெல்லாம் தொலைத்தார்.

நோயாளியின் ரத்தத்தை நோயில்லாதவர் ரத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவானதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பார். அவருக்குச் சர்க்கரை, அதனால் அந்த நோயில்லாதவர், ஆரம்பத்திலிருந்தே, அவர் மனைவிதான். தலைவலி என்று ஒரு நாள் படுத்தறியாதவள். மாதாமாதம் வீட்டிலேயே ஊசி குத்தி எடுப்பார்.

"நீங்க என் ரத்தத்தைக் குடிக்கிறது பத்தாதுன்னு உங்க மெஷினுக்கும் ஊத்தணுமா?" என்று சிரித்தபடியே கையை நீட்டுவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கண் மஞ்சளாகி, ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

"ஸ்கேன் என்ன பெரிய ஸ்கேன்!" என்று அவள் ரத்தத்தோடு ஆய்வகத்துக்கு ஓடினார் பேராசிரியர். அந்தத் துணுக்கு எழும்ப வேண்டிய இடத்தில், திரையில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டாற்போல் நேர்கோடு. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார்.

"டாக்டர் உளர்றார்மா! உனக்கு ஒண்ணுமில்ல. என் மெஷினே சொல்லிடுச்சு."

அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று அவசரமாகப் போனை வைத்தாள்.

அப்புறம்தான் ஒப்பீட்டுக்கு வைத்த குப்பி கண்ணில் பட்டது. 'வீடு' என்று அவர் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. போன மாதம் எடுத்தது. அவளிலிருந்து அவளையே கழித்திருக்கிறார். பிறகு என்ன மிஞ்சும்?

ஆய்வு மாணவி ஒருத்தியின் ரத்தத்தோடு ஒப்பிட்டார். கோடு செங்குத்தாக எழும்பியது. உறைபெட்டியிலிருந்து மனைவியின் பழைய குப்பிகளை இறக்கினார். போன வருடத்துக் குப்பியிலும் துணுக்கு இருந்தது. அதற்கு முந்திய வருடத்துக் குப்பியில் சின்னதாக, அறுத்து எடுத்துப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய காலத்தில், இருந்தது. அவள் துணுக்கையும் சேர்த்துக் கழித்ததில்தான் கொஞ்ச காலமாக மற்ற நோயாளிகளின் கோடுகள் குட்டையாகிக்கொண்டு வந்தன. கருவி சரியில்லை என்று சர்வீஸ்காரரைத்தான் பிடித்துத் திட்டினார். இன்றைக்குத் திட்ட ஆள் தேடினார், யாரும் அகப்படவில்லை.

மனைவி வீட்டு வாசலிலேயே காத்து நின்றாள். டாக்டரின் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாள்.

"அந்த ஆளு மூஞ்சியிலயே இனி முழிக்கக் கூடாதுங்க."

அந்த மஞ்சள் கண்களில் அவ்வளவு சந்தோஷம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை மேசைமேல் நீட்டினாள். "ஏன் இப்படி முழிக்கிறீங்க? டெஸ்டுக்கு எடுத்ததோட சரி, மெஷினுக்கு இந்த மாசப் பங்கு எடுக்கலையே. நோயில்லாத ரத்தம் வேணும்ல?"

ரப்பர் பட்டையை எடுத்துக் கட்டினார். நரம்பு என்றைக்கும்போல எழுந்து நின்றது. ஊசியைப் பிரிக்கத் தெம்பில்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சும்மா குத்துங்க," என்றாள். "எனக்கு வலிக்காது."