பள்ளி வேனுக்கு ஒரு டிரைவர்

தம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்பதில் அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று கேட்கிறவர்கள், இரண்டு வருஷம் அவனைப் பின்னறையில் வைத்துச் சோறு போட்டுவிட்டு வந்து பேசட்டும். பஸ் கம்பெனியை இழுத்து மூடிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷ அனுபவமுள்ள டிரைவர் வேறு வேலைக்கே போகவில்லை. ஏனென்று கேட்டால் வள்ளென்று விழுவான். அவள் புருஷன் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பிடும்போது தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார். கடைசியில் அவள்தான் யார் யார் காலையோ பிடித்து, நாட்டின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தாள். தங்க அறையும் உண்டு.

அவளும் டிரைவர்தான், சலவைக் கடையின் டெலிவரி வேனுக்கு. முதலாளியிடம் கெஞ்சி அதே வேனை வாங்கி, தம்பியின் கட்டில், பீரோ, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். மூன்று நாள் பயணம்.

"கொஞ்ச தூரம் நீ ஓட்டேண்டா. எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு."

"துணி மூட்டை வண்டியை எல்லாம் நான் தொடமாட்டேன். நீ ஓட்டு, நான் வழி சொல்றேன்."

திமிரைப் பாருங்கள்! ஆனால் வழி சொன்னான். அவன் பஸ் ஓட்டிய பழைய சாலை அது. அடுத்து பாலம் என்பான், பாலம் வரும். இடதுபக்கம் பெட்ரோல் பங்க் என்பான், அதுவும் வரும். முதல் நாள் முழுக்க ஒன்றுகூடப் பிசகவில்லை.

இரண்டாம் நாள் மதியம், "இதோ டீக்கடை. நிறுத்து, சூடா ஏதாவது குடிக்கலாம்" என்றான். அங்கே கடை இல்லை. இடித்துப்போட்ட செங்கல் குவியல்தான் கிடந்தது. அதை நேராகப் பார்த்துக்கொண்டே அவன் இறங்கி நடந்தான்.

அவளும் பின்னாலேயே இறங்கினாள். "எந்தக் கடைடா?"

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. ஓரம் எல்லாம் தெரியும்க்கா. நடுவுலதான் மங்கல். நேரா பார்த்தா உன் மூஞ்சியே இல்ல. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்புறம் இந்த வேலைக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு எப்படிடா சர்டிபிகேட் கொடுத்தாங்க?"

"கண் டெஸ்ட்டுக்கு சுவத்துல ஒரே எழுத்து அட்டைதான். எனக்கு முன்னாடி நின்னவங்க படிக்கப் படிக்க மனப்பாடம் பண்ணிட்டேன்."

"அட பாவி! சின்னப் பசங்கடா!"

"மூணு கிலோமீட்டர்தான், நேர் ரோடு. உருட்டிக்கிட்டே போவேன். உன் வீட்டுச் சோறு எனக்குத் தொண்டையில இறங்கலக்கா. இதை மட்டும் கெடுத்துடாத."

அங்கேயே வேனைத் திருப்பியிருக்க வேண்டும். அவள் திருப்பவில்லை. பின்னறையைக் கழுவி, மகளுக்குப் படிக்க மேசை போட்டாயிற்று. தட்டுச் சத்தம் கேட்காமல் இனி நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடலாம். நேர் ரோடுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினாள். சொல்லச் சொல்ல அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்தின் வண்டிக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பொறுப்பாளர் நல்ல மனுஷர். தம்பி வேனைச் சுற்றிவந்து டயர்களை அழுத்திப் பார்த்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பெல்ட் லூசா இருக்கு சார்" என்றான். "ஆள் கெட்டிக்காரர்தாம்மா" என்று அவர் சாவியை அவன் கையில் கொடுத்தார்.

அக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். குட்டிக் குட்டி இருக்கைகள். ஒன்றின் அடியில் யாரோ விட்டுப்போன காலுறை, அவள் உள்ளங்கை அளவுகூட இல்லை.

"சார், இவனுக்குக் கண்ணு தெரியாது" என்றாள்.

"பொய் சார்!" தம்பி கத்தினான். "நான் நல்லா இருந்தா இவளுக்கு ஆகாது. சின்ன வயசுலேருந்தே பொறாமை."

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் நறுக்கென்று தைத்தது. பொறுப்பாளர் பாவம், கையிலிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அவள் பத்தடி தள்ளிப்போய் நின்றாள். "அப்ப சொல்லுடா. இது எத்தனை விரல்?"

தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று விறைப்பாக நின்று நேராகப் பார்த்தான்.

"மூணு."

அவளுடைய இரண்டு கைகளும் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு விரலைக்கூட அவள் தூக்கவில்லை.

பொறுப்பாளர் அவனிடம் வந்து, கையிலிருந்த சாவியை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"சரியாத்தானே சார் சொன்னேன்?" என்றான் தம்பி.

அக்கா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "வாடா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.