பசு நேரக் கட்சிக்கு விழுந்த ஓட்டு

டெல்மர் ஓல்ஸ்டாட் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டதற்குக் காரணம் ஒரு மாடு.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். வருடா வருடம் நடக்கிற கூத்துதான். பால் லாரிக்காரன் புது நேரப்படி வந்து ஹாரன் அடித்தான். டெல்மர் அவசர அவசரமாகத் தொழுவத்துக்குள் ஓடி, கிளாடிஸின் மடியில் கறவை எந்திரத்தை மாட்டப் போனார். கிளாடிஸுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. அதன் கணக்குப்படி இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் பாக்கி இருந்தது. விட்டது ஒரு உதை. டெல்மர் சாணிக் கால்வாயில் போய் உட்கார்ந்தார். உதைத்தது என்னவோ மாடு. அவர் கோபித்துக்கொண்டது வாஷிங்டனை.

அன்றிலிருந்து தன் கடிகாரத்தை அவர் தொடுவதில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. கதவுக்கு மேலே இருப்பது அவருடையது. அடுப்புக்கு மேலே இருப்பது மனைவி ஆர்லிஸுடையது. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் ஏழு மணிக்கும் அவள் எட்டு மணிக்கும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் பத்து மணி ஆராதனை முடிந்து, பதினொன்றுக்குக் கடைசி ஆமென் சொல்கிற நேரத்தில், டெல்மர் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே நுழைவார். சரியான நேரத்துக்கு வந்துவிட்ட பெருமை வேறு முகத்தில் வழியும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இந்த முறை கட்சியே ஆரம்பித்துவிட்டார். பெயர் பசு நேரக் கட்சி. கொள்கை ஒன்றே ஒன்று: கடிகாரத்தில் எவனும் கை வைக்கக் கூடாது.

ஓட்டுச் சீட்டில் பெயர் வர எங்கள் அயோவா மாநிலத்தில் ஆயிரத்து ஐந்நூறு கையெழுத்து வேண்டும். எங்கள் கவுன்டிக்காரர்களுக்கு, அதாவது எங்கள் மாவட்டத்து ஜனங்களுக்கு, ஒரு குணம் உண்டு. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. வேண்டாத சோளத்தை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போய், வீட்டில் வைத்து முணுமுணுப்பார்களே தவிர, மறுக்க மாட்டார்கள். கவுன்டித் திருவிழாவில் பன்றிப் போட்டிக்கும் ஆப்பிள் பை என்கிற பலகாரப் போட்டிக்கும் நடுவே டெல்மர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தார். "கடிகாரத்த மாத்தற கொடும ஒழியணும், ஒரு கையெழுத்து போடேன்" என்றதும் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று நாளில் ஆயிரத்து அறுநூறு தாண்டிவிட்டது. எங்கள் ஊரும் சுற்றுப் பண்ணைகளும் சேர்ந்த டவுன்ஷிப்பில் மட்டும் அறுபத்தொரு பேர்.

கையெழுத்து போட்டவர்களெல்லாம் ஓட்டும் போடுவார்கள் என்று அவர் நம்பினார். பாவம், நல்ல மனிதர்.

துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆர்லிஸின் தம்பி ராய்ஸ். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தக் கரையில், விஸ்கான்சின் மாநிலத்தில், தூண்டில் புழு விற்கிறவன். இருவரும் ஒரே மாநிலத்துக்காரர்களாக இருந்தால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலம் அனுப்புகிற தேர்வாளர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓட்டளிக்க முடியாது என்று சட்டம். அயோவா மொத்தத்தையும் ஜெயித்துவிட்டால் சிக்கலாகிவிடுமே என்று டெல்மர் முன்யோசனையோடு ஆறு தாண்டி ஆள் பிடித்தார். இதில் ஒரு சின்னச் சங்கடம். விஸ்கான்சின் ஓட்டுச் சீட்டில் கட்சியின் பெயரே கிடையாது. அதனால் ராய்ஸால் ராய்ஸுக்கே ஓட்டுப் போட முடியவில்லை.

"எத்தன ஓட்டு வரும்னு நெனைக்கற மச்சான்?" என்று ராய்ஸ் படகுத்துறையில் உட்கார்ந்து கேட்டான்.

டெல்மர் ஆற்றையே பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லாத. நம்ம டவுன்ஷிப்ல ரெண்டு வந்தா போதும்."

"ரெண்டா? அறுபத்தொரு பேரு கையெழுத்து போட்டிருக்காங்களேய்யா!"

"அதெல்லாம் வரட்டும், வராமப் போகட்டும். ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு உங்க அக்காவோடது. அந்த ஒண்ணு வந்துட்டா மத்த ஜனங்க என்னை எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கவல இல்ல."

ராய்ஸ் புழு டப்பாவை மூடினான். "அப்ப உனக்கு ஒண்ணுதான்" என்றான்.

ராய்ஸ் சொன்னதில் தப்பில்லை. பெரிய கட்சிகள் இரண்டில், ஆர்லிஸ் இந்த முறை ஜனாதிபதிக்கு நிற்கிற கவர்னர் லாசிட்டரின் கட்சி. டெல்மர் தன் கட்சி ஆரம்பிக்கும்வரை, லாசிட்டரை எதிர்த்து நிற்கிற செனட்டர் விட்கோமின் கட்சி. முப்பத்தெட்டு வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் இருவரும் ஒரே டிரக்கில் போய், ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டால் அடித்துவிட்டு, ஒரே டிரக்கில் திரும்பி வருவார்கள். ஒருவருக்குக் காய்ச்சலென்றால் மற்றவரும் போகமாட்டார். கல்யாண நாளைக்கூட ஒரு வருடம் மறந்திருக்கிறார்கள், இதை மறந்ததில்லை.

இந்த வருடம் வீட்டு முற்றத்தில் இரண்டு பலகைகள். ஒன்றில் லாசிட்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இன்னொன்றில் கிளாடிஸின் படம், கீழே டெல்மரின் பெயர். போகிறவர்கள் மாடுதான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஆர்லிஸ், உன் புருஷன் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கறேன்" என்று ஒருநாள் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"தெரியும். அதான் ஊரே சொல்லிச் சிரிக்குதே."

"ஒரு ஓட்டு..."

"அணுகுண்டுப் பொத்தான உன் கையில குடுக்கணுமா? டிவி ரிமோட்டுல எதை அமுக்கறதுன்னு முப்பத்தெட்டு வருஷமா என்னைக் கேக்கற மனுஷன் நீ."

"அப்ப லாசிட்டருக்குத்தானா?"

"அந்த மனுஷன் என் ஆப்பிள் பைய ரெண்டு துண்டு சாப்பிட்டார். மூணாவதும் கேட்டார். நீ உப்பு கம்மின்னு சொன்ன."

உண்மைதான். கவர்னரின் பிரசாரப் பேருந்து ஊர் உணவகத்தில் நின்றபோது நடந்தது அது. ஆனால் செனட்டரும் சும்மா இருக்கவில்லை. திருவிழாவில் கேமராக்களோடு மாட்டுக் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"இதோட பேர் என்னங்க?" என்று கேட்டார்.

"கிளாடிஸ்."

"கிளாடிஸ்! எங்க பெரியம்மா பேரு! உங்கள மாதிரி ஆளுங்களாலதாங்க இந்த நாடு நிக்குது."

நாலு நிமிடம் பேசினார். தான் பேசிக்கொண்டிருப்பது எதிர்த்துப் போட்டியிடும் வேட்பாளரோடு என்று செனட்டருக்குக் கடைசிவரை தெரியாது. கோபம் வரவேண்டிய டெல்மருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நவம்பர் வந்தது. டெல்மர் செய்த பெரிய தப்பு அப்போதுதான் தெரிந்தது. தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தாயிற்று. எல்லோரும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி எழுந்து பரம சந்தோஷத்தில் இருந்தார்கள்.

"கடிகாரமா? அது சரியாயிடுச்சே டெல்மர்" என்றார் முடிவெட்டுகிறவர். "ஞாயித்துக்கிழம தூங்கினேன் பாரு ஒரு தூக்கம்! நல்ல ஏற்பாடுய்யா அது."

"அது திருடிட்டுப் போன மணி நேரத்தத் திருப்பிக் குடுக்கறது! மார்ச்சுல எடுத்தாங்களே, அது ஞாபகமில்லையா?"

"மார்ச்சா? இப்ப நவம்பர்."

மார்ச்சில் தேர்தல் வைத்திருந்தால் டெல்மர் இன்றைக்கு வெள்ளை மாளிகையில் இருந்திருப்பார். யார் கேட்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பால் கறந்துவிட்டு இருவரும் தேவாலயத்து அடித்தளத்துக்குப் போனார்கள். வாக்குச்சாவடி அங்கேதான். ஒரு மூலையில் பெண்கள் காபியும் கேக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். தேர்தல் மேஜையில் வெர்னா டாலெஃப்சன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேரு?" என்றாள்.

"வெர்னா, நாம ஒண்ணாங் கிளாஸ்லேருந்து ஒண்ணாப் படிச்சோம்."

"பேரு கேக்கணும்னு எழுதியிருக்கு. பேரு?"

சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார் டெல்மர். விட்கோம், லாசிட்டர், அவர்களுக்குக் கீழே இன்னும் ஏழு பேர். அதில் ஐந்தாவதாக, தங்கக் காசைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறவருக்கும் மிருகக்காட்சிசாலைகளைத் திறந்துவிடுவேன் என்கிற அம்மாவுக்கும் நடுவே, டெல்மர் ஓல்ஸ்டாட். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

தன் பெயருக்கு எதிரே நிரப்பவேண்டிய வட்டத்தருகே பேனாவைக் கொண்டுபோனார். அப்போது பக்கத்துத் தட்டியிலிருந்து ஆர்லிஸின் பேனா பரபரவென்று தேய்க்கிற சத்தம் கேட்டது. லாசிட்டர்! அவர் கை நின்றது. இந்த ஓட்டைத் தனக்கே போட்டுக்கொண்டால் அவள் ஓட்டை அடிக்க ஆளில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் ஓட்டு முழுசாக லாசிட்டருக்குப் போய்ச் சேரும். ஒரு ஓட்டில் அந்த ஆள் ஜெயித்துத் தொலைத்தால்?

இன்னொன்றும் தோன்றியது. அவள் எப்படியும் போடப்போவதில்லை. அப்படியானால் முடிவு ஒன்று என்று வரும். ஒன்று வந்தால், தனக்குத்தானே போட்டுக்கொண்டான் என்று ஊர் சிரிக்கும். பூஜ்யம் வந்தாலாவது பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிளாடிஸின் பெயரைக் கேட்ட செனட்டரின் முகம் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விட்கோமுக்கு எதிரே இருந்த வட்டத்தை நிரப்பினார்.

மறுநாள் காலை பால் லாரி போனபிறகு தேவாலயத்துக்குப் போனார்கள். அடித்தளக் கதவில் எண்ணிக்கைத் தாளை வெர்னா ஒட்டிவைத்திருந்தாள். நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டை லாசிட்டர் ஜெயித்தது வானொலியில் ஏற்கெனவே வந்துவிட்டது. இங்கே பார்க்கவேண்டியது எங்கள் டவுன்ஷிப்பை மட்டும்.

விட்கோம் எழுபத்தொன்று. லாசிட்டர் எழுபது. தங்கக் காசு பூஜ்யம். ஓல்ஸ்டாட் ஒன்று.

டெல்மர் ஒன்றை விரல் வைத்துப் பார்த்தார். அழுக்கோ என்று தேய்த்தும் பார்த்தார். ஒன்றுதான்.

"வாழ்த்துகள் டெல்மர்!" என்று வெர்னா அவர் தோளைத் தட்டினாள். "யாருமே போடலன்னாலும் நீயாவது உனக்குப் போட்டுக்கிட்டியே. தன்னம்பிக்க வேணும்ப்பா மனுஷனுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்து போட்ட அறுபத்தொரு பேரில் நாலு பேர் அங்கேயே நின்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சிரித்தார்கள். டெல்மருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தான் போடவில்லை. போட்டது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆர்லிஸ் முன்னால் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருக்கிறது என்பது உலகத்திலேயே அந்த இருவருக்குத்தான் தெரியும்.

"என்ன ஆர்லிஸ், உன் வீட்டுக்காரர் தனக்கே போட்டுக்கிட்டதப் பார்த்தியா?" என்றாள் வெர்னா.

"ஆமா" என்றாள் ஆர்லிஸ். "அவரேதான் போட்டுக்கிட்டார். வேற எவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு?"

டிரக்கில் ஏறிப் பாலத்தைத் தாண்டினார்கள்.

"யாருக்குப் போட்ட?" என்றாள் ஆர்லிஸ்.

"விட்கோமுக்கு" என்றார். "உன் ஓட்ட அடிக்கணுமேன்னு..."

"அடிச்சது எதைன்னு தெரியுதா?"

"தெரியுது."

"லாசிட்டர் இங்க ஒரு ஓட்டுல தோத்தார். என் ஆப்பிள் பைய ரெண்டு துண்டு சாப்பிட்ட மனுஷன்."

"மூணாவதும் கேட்டார்" என்றார் டெல்மர் பரிதாபமாக.

ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து அவர் வண்டியை ஓரங்கட்டினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

குளிர்காலம் முழுக்க டெல்மர் தலை குனிந்தே நடந்தார். ஆசைப்பட்ட ஒரே ஓட்டு கிடைத்தும் அதை வைத்துக்கொள்ளத் தகுதியில்லாமல் போன மனிதனுக்கு வேறென்ன வழி. ஆப்பிள் பையில் உப்பு சரியாக இருக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொன்னார்.

மார்ச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியும்போதே அவர் ஒரு தீர்மானத்தோடு எழுந்தார். சமையலறைக்குப் போய் நாற்காலி போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த தன் கடிகாரத்தை, பதினோரு வருடத்தில் முதல்முறையாக, ஒரு மணி நேரம் முன்னால் திருப்பினார். தொழுவத்திலிருந்து கிளாடிஸ் ஒரு குரல் கொடுத்தது.

"இறங்கு" என்றாள் ஆர்லிஸ் பின்னாலிருந்து.

இறங்கினார். அவள் ஏறினாள். முள்ளைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள்.

"உன்ன நம்பி ஒருத்தி ஓட்டு போட்டிருக்கா" என்றாள். "நீ பாட்டுக்கு வாக்குறுதிய காத்துல விட்டா அவ என்ன ஆவா? விட்கோம் கட்சிக்காரனாட்டம் நடந்துக்காத."

அப்போதுதான் டெல்மர் அடுப்புக்கு மேலே பார்த்தார். அவளுடைய கடிகாரத்தையும் அவள் மாற்றவில்லை. இரண்டும் ஒரே நேரம் காட்டின.

அன்றைக்கு இருவரும் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனார்கள். கடைசி ஆமென் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் வெர்னா வழி மறித்தாள்.

"என்ன ஆர்லிஸ், நீயுமா? உனக்கு என்ன வந்துச்சு?"

"எங்க வீட்டுல ஜனாதிபதி உத்தரவு" என்று சொல்லிவிட்டு, காது சிவக்க நின்ற புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆர்லிஸ் காலியான தேவாலயத்துக்குள் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.