ராஜவேலுவின் ஓங்காத கை

எழுபத்தெட்டாம் வருஷம், ஆம்பூர் மைதானத்தில் நடந்த சடுகுடு இறுதி ஆட்டத்தில் தோல் கம்பெனி அணி குடியாத்தம் நெசவாளர்களிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. கடைசியாகப் பாடிப் போன இருதயராஜ் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் மூச்சை விட்டுவிட்டான். தொட்டது அத்தனையும் வீணாய்ப் போயிற்று.

கம்பெனி மேஸ்திரி தணிகைவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அணியின் பயிற்சியாளர் ராஜவேலுவிடம் வந்தார்.

"இன்னா ராஜவேலு, தாலாட்டு பாடுறியா இவனுங்களுக்கு? போன வருஷம் நீ உட்ட அடியில கப்பு வந்துச்சு. இப்ப கண்ணை மூடு, மூச்சைக் கவனின்னு சாமியார் வேலை பண்ற. எல்லார் முன்னாடியும் இவனுக்கு ஒண்ணு உடு. இல்லேன்னா இன்னியோட டீம் உன்னுது இல்ல."

போன வருஷம் இதே மைதானத்தில், ஆட்டத்தின் இடைவேளையில், இதே தப்புக்கு, அணியில் ஆடிய தன் தம்பி காசிநாதனை ராஜவேலு அறைந்திருந்தான். கப்பு வந்தது. காசி அதன்பிறகு அண்ணனோடு பேசவில்லை. மூன்று வாரத்தில் மஞ்சள் காமாலை முற்றி வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்த அறைக்குப் பிறகு ராஜவேலு தம்பியைத் தொட்டது, குளிப்பாட்டித் தூக்கிய அன்றைக்குத்தான். ஆட்டக்காரன் எவன் மேலும் இனி கை வைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தான். தப்பு செய்தவனிடம் ஒரே கேள்விதான் கேட்பான்.

இருதயராஜ் அருகில் வந்து கன்னத்தைக் காட்டினான்.

"அடிங்கண்ணே. ஒண்ணுதானே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மெதுவா உடுங்க. நான் ஜாஸ்தியா கத்துறேன். அந்தாளு நம்பிடுவாரு."

ராஜவேலுவின் கை அரை அடி மேலே வந்தது. ஒரு பொய் அறையில் எல்லாம் சரியாகிவிடும். கம்பெனி தரும் பனியன், பஸ் சார்ஜ், டீ, மைதானம் எல்லாம் மிஞ்சும். எதிரே இருந்த கன்னம் அடிக்கு முன்பே சுருங்கியிருந்தது. ராஜவேலு கையை இறக்கினான்.

"மூச்சு எங்கடா அறுந்துச்சு?"

"கோடு தெரிஞ்சுதுண்ணே. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். சிரிச்சுட்டேன்."

ராஜவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"தோத்துட்டு இளிக்கிறானுங்க பாரு! கழட்டுங்கடா பனியனை!" என்று மேஸ்திரி கத்தினார்.

ராஜவேலு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவரிடம் நீட்டினான்.

"டீமை நீங்களே வெச்சுக்கங்க மேஸ்திரி. எனக்கு அடிக்கத் தெரியும். அடிக்க மாட்டேன்." ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினான். "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு நான் பாலாத்து மணல்ல இருப்பேன். கம்பெனி ஒண்ணும் தராது. வர்றவன் வரலாம்."

"நான் வர்றேண்ணே" என்று இருதயராஜ் பனியனைத் தலைவழியாக உருவினான். மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேர்வை சொட்டும் ஏழு பனியன்கள் மேஸ்திரியின் கையில் கிடந்தன.