யாருக்கு வலப்பக்கம்

என் புருஷனும் என் தம்பியும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. ராயபுரத்தில் ஒரே சந்து, எதிரெதிர் வீடு. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே புரையேறும், அவ்வளவுதான் அகலம். அப்படியும் பேச மாட்டார்கள். பேச வேண்டியதை எல்லாம் என் தலையில் கட்டுவார்கள். "உன் தம்பிகிட்ட சொல்லு" என்பார் இவர். "உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்பான் அவன். நான் என்ன தபால்காரியா?

காரணம் ஒரு கார். எங்கள் அப்பாவின் பழைய மாரிஸ். அறுபத்தெட்டாம் வருஷம் அப்பா சாகக் கிடந்தபோது சாவியை மகன் லியோனார்ட் கையில் தராமல், மருமகன் செல்வநாதன் கையில் வைத்துவிட்டார். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே என் தம்பி இவரிடம் பேச்சை நிறுத்தினான். இவரும் ஏன் என்று கேட்கவில்லை. வீம்பில் இரண்டு பேரும் சரிசமம்.

இப்போது என் மகள் எல்சிக்குக் கல்யாணம், விடிந்தால் மாதா கோவிலில் பூசை. எங்கள் குடும்பத்தில் பெண் கோவில் வாசலில் காரை விட்டு இறங்கும்போது தாய்மாமன்தான் கதவைத் திறந்து கைபிடித்து இறக்குவான். லியோனார்ட் என்ன சொன்னான் தெரியுமா? "கோவிலுக்கு வர்றேன்க்கா. அந்தாளு வண்டிகிட்ட மட்டும் வர மாட்டேன்." எல்சி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மாமன் குத்துக்கல்லாக இருக்கும்போதே, மாமன் இல்லாத பெண்ணைப் போல என் மகள் இறங்க வேண்டுமா?

போதாக்குறைக்கு அந்த வண்டியும் கழுத்தறுத்தது. கடல் காற்று இரும்பை விட்டுவைக்குமா? இன்ஜினிலிருந்து சைலன்சர் குழாய் இறங்குகிற மூட்டில் மூன்று போல்ட். ஒன்று துருப்பிடித்து எங்கோ உடைந்து விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் துரு தின்று பாதியாய் நின்றன. வண்டியைக் கிளப்பினால் கல்மண்டபம் வரைக்கும் கேட்கும். முன்னால் பேண்டு வாத்தியம் போக, பின்னால் இந்த இரைச்சலோடு கல்யாணப் பெண் போனால் ஊர் சிரிக்காதா?

செல்வநாதன் பேசின் பிரிட்ஜ் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். காலையிலேயே மண்ணெண்ணெய்த் துணியை அந்த இரண்டு போல்ட்டிலும் சுற்றி வைத்துவிட்டு, மத்தியானம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். போல்ட்டின் தலை மேலே, நட்டு கீழே. மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஹார்பரில் கப்பலை இழுக்கிற டக் படகில் இன்ஜின் பார்க்கிற என் தம்பி அன்று வீட்டில்தான் இருந்தான். அவன் வாசலில் போய் நின்றேன்.

"டேய் லியோ, அப்பா வண்டி சின்னாபின்னமாயிடும் போலக் கீது. நீ வர்றியா, இல்ல எவனாச்சும் வந்து வெட்டிப் போடட்டுமா?"

'அப்பா வண்டி' என்றதும் எழுந்துவிட்டான். "ஆனா அந்தாளுகிட்ட பேச மாட்டேன்" என்றான்.

"உன் வாய எவன் கேட்டான்? கை இருந்தா போதும், வா."

லியோனார்ட் வண்டிக்கு முன்னால் நின்று பானெட்டுக்குள் குனிந்தான். இவருடைய கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. நடுவில் நான், அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு.

"ஃப்ளோரா, மேல கெட்டியா புடிக்கச் சொல்லு."

"கெட்டியா புடிக்கணுமாம்."

"புடிச்சிக்கினுதான் கீறேன்னு சொல்லு."

"புடிச்சிக்கினுதான் கீறானாம்."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை. சிரிப்பதா, அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியோ, நெருப்பைப் பீய்ச்சுகிற ஊதுவிளக்கில் காய்ச்சியதும் முதல் போல்ட் கீச்சிட்டுக்கொண்டே கழன்றது. இரண்டாவது அசைவேனா என்றது.

"நான் நட்ட புடிச்சிக்கறேன். மேல வலப்பக்கம் திருப்பச் சொல்லு."

"வலப்பக்கம் திருப்புடா" என்றேன்.

தம்பி தம் கட்டித் தன் வலப்பக்கம் திருப்பினான். டக் என்றது. போல்ட்டின் தலை தனியாக வந்து அவன் ஸ்பேனரில் நின்றது.

கீழே மல்லாந்து கிடப்பவருக்கு எது வலப்பக்கமோ, அது எதிரில் குனிந்து நிற்பவனுக்கு இடப்பக்கம். கழற்ற வேண்டியதை இறுக்கி உடைத்துவிட்டான். நேருக்கு நேர் பேசுகிறவர்களாக இருந்தால் "உனக்கா, எனக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இந்த மகராசன்களுக்குத்தான் வாய் முத்து உதிர்ந்துவிடுமே.

"உன் தம்பிக்கு வலது எது, எடது எதுன்னு சொல்லிக் குடு!"

"எவன் வலதுன்னு சொல்ல வாய் இல்லியான்னு கேளுக்கா!"

எனக்கு வந்ததே கோபம்.

"யோவ், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க! இனிமே உங்களுக்கு நடுவுல நான் நிக்க மாட்டேன். பேசினா பேசுங்க, இல்லாங்காட்டி அப்டியே கெடங்க. எம்பொண்ணு நடந்தே கோவிலுக்குப் போவா. ஊரு காறித் துப்பட்டும்!"

உள்ளே போய் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாதாவே, அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ? தம்பி கோபித்துக்கொண்டு போயே போய்விடுவானோ? எட்டிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

உடைந்த துண்டு ஓட்டைக்குள் சிக்கியிருந்தது. மேலிருந்து கம்பியை வைத்துச் சுத்தியால் அடித்து இறக்க வேண்டும். கீழே ஒருவர் குழாயைத் தாங்க வேண்டும். சொல்லாமல் அடித்தால் கீழே இருப்பவர் கை நசுங்கிவிடும்.

"வெரல எட்த்துக்கோ."

என் தம்பியின் குரல். அதில் 'சொல்லு', 'கேளுக்கா' எதுவும் இல்லை.

"எட்த்துட்டேன். அடி."

சுத்திச் சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம்." மறுபடி சத்தம். ஏதோ ஒன்று கிளிங் என்று தரையில் விழுந்தது. வேலை முடிந்ததும் தம்பி கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். கிளம்பவில்லை.

"மாமு, ஒண்ணு கேக்கறேன். அப்பாகிட்ட சாவிய நீதான கேட்டு வாங்கினே?"

"நான் கேக்கல மச்சான். நீ வண்டிய வித்துடுவியோன்னு அவருக்கு பயம்."

"நானா? நான் விப்பனா?"

"நானும் அதத்தான் சொன்னேன், அவன் உசுரு போனாலும் விக்க மாட்டான்னு. அதுக்குள்ள அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்டி சொல்றது? உங்கப்பன் உன்ன நம்பலன்னு, அவரு பெத்த பொண்ணயே உட்டு சொல்லி அனுப்பவா?"

என் கத்தி அப்படியே நின்றது. என் மனசு நோகக்கூடாது என்றுதான் இந்த மனுஷர் இத்தனை நாள் பழியைச் சுமந்திருக்கிறார். கல்நெஞ்சுக்காரர் என்று அவரை நான் திட்டாத நாள் இல்லை. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தம்பி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "பித்தள நட்டு எட்த்தாந்து கீறேன் மாமு. இது துருப்புடிச்சு ஒட்டிக்காது" என்றான். இவர் ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புது போல்ட் மூன்றையும் மாட்டினார்கள். மேலேயும் கீழேயும் "என் பக்கம்", "உன் பக்கம்" என்று ஒரே கூச்சல். வண்டியைக் கிளப்பினார்கள். இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு அமைதி.

"நாளைக்கி நீ ஓட்டு" என்றார் இவர். நான் எட்டிப் பார்த்தபோது சாவி தம்பியின் கையில் இருந்தது. "பாப்பாவ நீயே கைபுடிச்சு எறக்கி உடு."

தம்பி சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்கிட்ட கோட்டு இல்ல மாமு."

"அதான் பேஜாரா? என் கல்யாணக் கோட்டு கீது. ஃப்ளோரா, அத எடு!"

டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. "கலீஜ் கையால தொடாதடா" என்று நானே பிடித்து மாட்டிவிட்டேன். தோளில் இறுக்கிப் பிடித்தது. எல்சி உள்ளேயிருந்து வந்து மாமனை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஊசியை எடுத்துக்கொண்டு முதுகுத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இன்னாத்துக்குடி அழுவற?" என்றார் இவர்.

"சந்தோசமா கீது, அழுவறேன். போய் ரெண்டு பேரும் கையக் கழுவுங்க."