மாலை போட்ட படம்

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியம் லண்டனின் மிச்சம் பகுதியில் ஒரு மெதடிஸ்த ஆலயத்தின் பின்மண்டபத்தில் கூடும். இலங்கைச் சண்டைக்குத் தப்பித் திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு கொடுத்துவந்தோம். ஒருவர் ஒரு குடும்பத்தை ஏற்பது, முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வாழ்த்து அட்டையோடு தம் படம் ஒன்றையும் அனுப்புவது, இதுதான் எங்கள் முறை. கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு.

றோஸ்மலர் அக்கா தனி ஆள்; ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. சிவமலர் என்ற சைவப் பெண்ணின் இரண்டு மகள்மாரை அவர் ஏற்றிருந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நத்தார் கழிந்த ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு தேநீர் வேளையில், முகாமிலிருந்து வந்த உறையைப் பிரித்து அவரவர் பிள்ளைகளின் படத்தை அவரவர் கையில் கொடுத்தேன். அக்காவின் கோப்பை தட்டில் மோதிய சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

படத்தில் சீருடையோடு இரண்டு சிறுமிகள், கண்ணை மூடிக் கும்பிட்டபடி. பின்னால் சுவரில், சட்டம் போட்ட அக்காவின் படம். அதற்கு மல்லிகை மாலை. கீழே எரிகிற விளக்கு.

"ஆரப்பா மோசம் போனது?" என்று ஞானமுத்து அண்ணை எட்டிப் பார்த்தார். யாரென்று கண்டதும் சமாளிக்கப் பார்த்தார். "பயப்பிடாதை பிள்ளை. செத்தவை இவ்வளவு சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கமாட்டினம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் படத்துக்கு மாலை போடுவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்.

அக்கா என்னைக் கோட்டுகள் தொங்குகிற மூலைக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மார்பிலை ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பாத்தவை. செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லுவினம். இனி நான் போகமாட்டன்."

"ஏனக்கா?"

"முடிவு வந்திட்டுதுதானே. இந்தா, கையிலை வைச்சிருக்கிறன்."

அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, முகாமைப் பார்த்துக்கொள்ளும் போதகருக்குத் தொலைபேசி எடுத்தேன். சிவமலரை வரவழைப்பதாகச் சொன்னார். அதுவரை அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுபடி எடுத்தபோது சிவமலர் வந்துவிட்டாள். "அண்ணை, அக்கா சுகமோ?"

"பிள்ளை, அவவின்ரை படத்துக்கு ஏன் மாலை போட்டனீங்கள்?"

"ஏன், பூ வாடியிருந்ததோ? வெள்ளிக்கிழமையிலை எல்லாப் படத்துக்கும் போடுறனான். பிள்ளையார், முருகன், லட்சுமி, பிறகு அக்கா. ரீச்சர் படம் எடுக்கேக்கை மற்றப் படங்களை விட்டிட்டா."

"உயிரோடை இருக்கிறவைக்கு மாலை போடுறதோ?"

"சாமியள் உயிரோடைதானே அண்ணை இருக்கினம்? பிள்ளையள் பள்ளிக்கூடச் சோதினைக்குப் போகேக்கை அவவைக் கும்பிட்டிட்டுத்தான் போறவை."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னேன். பயம் தெளியும் என்று நினைத்தேன். இருந்த நிறமும் முகத்தை விட்டுப் போனது.

"என்னையோ கும்பிடுகினம்? செத்துப்போனன் எண்டு நினைச்சிருந்தாலும் பரவாயில்லை. கர்த்தருக்கு நான் என்ன பதில் சொல்லுவன்?"

"சாமி எண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்பிடுமோ?" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

"நீ வாயைப் பொத்து. தம்பி, உடனை கழட்டச் சொல்லு."

கையை எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் சிவமலர் கேட்டாள்: "அண்ணை, ஏன் பேசாமல் நிக்கிறியள்? அக்காவுக்கு ஏதும் நோய் வருத்தமோ? மறைக்காமல் சொல்லுங்கோ. பிள்ளையள் அவவுக்காண்டிப் பிள்ளையாரிட்டை விளக்கு வைப்பினம்."

அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னேன். அவர் மடியில் கிடந்த படத்தைப் பார்த்தார். மூடிய கண்களோடு நிற்கிற சின்னவளின் முகத்தைப் பெருவிரலால் தடவினார்.

"படத்தைக் கழட்டத்தான் வேணும். அதை நீ வடிவா எழுதிப் போடு, அவள் மனம் நோகாமல்."

"இப்பவே சொல்லட்டோ அக்கா?"

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டின் பொத்தானைச் சரிபார்த்தார்.

"வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாறன். அது கழியட்டும்."

நான் தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

"பூ வாடேல்லை, பிள்ளை," என்றேன்.